தட்டினால் ‘ம்’ சொல்ல வேண்டும்

போரில் இருந்தவள் என்று தெரிய வந்தால் ஆட்கள் வெடியைப் பற்றித்தான் கேட்பார்கள். என்ன துவக்கு வைத்திருந்தாய், பயமாக இருக்கவில்லையா, யாரையாவது... என்று இழுத்து நிறுத்துவார்கள். என் காலைப் பற்றி இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. எனக்கு அந்த வருடங்களை நினைத்தால் முதலில் ஞாபகம் வருவது கால்தான். சண்டை எப்போதாவது வந்தது. நடை நாள் தவறாமல் வந்தது.

நான் ஏன் போனேன், எப்படிப் போனேன் என்று இங்கே எழுதப்போவதில்லை. அதைப் பற்றிக் கதைக்க மண்டபம் எடுத்து மைக் பிடிக்கிறவர்கள் மொன்றியலில் தேவைக்கு அதிகமாகவே இருக்கிறார்கள். அவர்களில் பலருடைய காலில் ஒரு கொப்புளம்கூட வந்திருக்காது. பெயர்களையும் எழுதமாட்டேன். அங்கே எங்களுக்கு இருந்தவை வீட்டில் வைத்த பெயர்கள் இல்லை. வருடக்கணக்காக ஒருத்தியின் முதுகுக்குப் பின்னால் நடந்தேன், அவளுடைய உண்மையான பெயர் எனக்குத் தெரியாது. என் பெயர் அவளுக்கும் தெரியாது.

நடை என்றால் தெருவில் அணிவகுத்துப் போவது என்று நினைக்கக்கூடாது. காட்டுக்குள் ஒருவர் பின் ஒருவராக, முன்னால் போகிறவள் கால் வைத்த இடத்தில் கால் வைத்துப் போவது. மண்ணுக்குள் என்ன புதைத்திருக்கிறது என்று தெரியாது. அவள் மிதித்து ஒன்றும் நடக்காத இடம் எனக்கும் போதும். ஆகவே நாள் முழுக்க நான் பார்த்தது ஒரு குதிக்கால். வலது குதிக்கால் கொஞ்சம் வெளிப்பக்கம் திரும்பித்தான் நிலத்தில் விழும், கூடவே வலது தோளும் ஒரு சொட்டுப் பதியும். அவளுடைய முகத்தை மறந்தாலும் அந்தக் குதியை மறக்கமாட்டேன்.

தோளில் பொதி, அதற்கு மேல் துவக்கு, இடுப்பில் தண்ணீர். சோறும் பருப்பும் காலையில் பொலித்தீன் பையில் வரும், மத்தியானத்துக்குள் புளித்துவிடும், புளித்தாலும் சாப்பிடுவோம். சோறு வராத நாட்களில் வறுத்த மாவில் சீனி போட்டுக் குழைத்து விழுங்குவோம். மழைக்காலத்தில் கால்விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண். வெயில் காலத்தில் தொடை உராய்ந்து தோல் உரியும். தலையில் பேன். மாதத்தில் அந்த நாட்கள் வந்தால் துணியைத் துவைத்து வெளியில் காயப்போட விடமாட்டார்கள், மேலே போகிற ஹெலியின் கண்ணில் படும் என்று. அரை ஈரத்தோடு அதையே திரும்பக் கட்டிக்கொண்டு நடப்போம். இதையெல்லாம் மண்டபத்தில் யாரும் சொல்வதில்லை. சொன்னால் முன்வரிசையில் இருக்கிற பெரியவர்கள் எழுந்து போய்விடுவார்கள்.

எல்லாவற்றுக்கும் மேல் நித்திரை. பசி பழகிவிடும், நித்திரை பழகாது. நடந்துகொண்டே தூங்குவோம். முன்னால் போகிறவள் நின்றது தெரியாமல் அவளுடைய பொதியில் மூக்கை இடித்துக் கண் விழிப்பது எங்களுக்கெல்லாம் வழக்கமான விஷயம். அதனால் வரிசைக்கு ஒரு சட்டம் இருந்தது. நின்றால் நின்ற இடத்திலேயே இருந்துவிடலாம், கண்ணை மூடலாம். திரும்பவும் புறப்படும்போது ஒவ்வொருத்தியும் தனக்குப் பின்னால் இருப்பவளின் தோளில் தட்ட வேண்டும். தட்டினவள் உடனே போய்விடக்கூடாது. பின்னால் இருப்பவள் ‘ம்’ என்று சொல்லும்வரை நிற்க வேண்டும். அந்த ‘ம்’ கேட்டபிறகுதான் அடுத்த அடி. ஒரு ‘ம்’ தவறினால் வரிசை அந்த இடத்தில் அறுந்துவிடும், முன்னால் போகிறவர்களுக்குத் தெரியாது.

இன்னொரு வழக்கமும் இருந்தது. அதை யாரும் சட்டமாகச் சொல்லித்தரவில்லை. வரிசையில் பொதுவான சுமைகள் சில இருக்கும்: துவக்குக் குண்டுகள் அடைத்த ரவைப்பெட்டி, சமையல் பானை, காயம்பட்டவர்களின் துவக்குகள். ரவைப்பெட்டிதான் பாவி. கைப்பிடிக் கம்பி விரலை அறுக்கும், தோளில் வைத்தால் கழுத்தை முறிக்கும். அதைத் தூக்குகிறவள் ‘ஏலாது, வாங்கு’ என்று கேட்கமாட்டாள். கேட்பது மரியாதை இல்லை. பின்னால் போகிறவள் அவளுடைய நடையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நடை குறுகினால் எட்டிப்போய், கதைக்காமல், பெட்டியை வாங்கிக்கொள்ள வேண்டும். நன்றி சொல்வதும் கிடையாது. பெட்டியைக் கொடுத்தவளுக்கு முதல் சில அடிகளில் தோள் தானாக மேலே எழும்பும். வாங்கினவளைத் திரும்பிப் பார்க்கத் தோன்றாது. எனக்கும் தோன்றியதில்லை.

எனக்குப் பின்னால், வரிசையின் கடைசியில், ஒருத்தி நடந்தாள். நெடியவள், வாய்க்காரி. நடக்கத் தொடங்கினால் சாப்பாட்டைப் பற்றிக் கதைக்கத் தொடங்குவாள். மீன் குழம்புக்கு எப்போது மாங்காய் போடவேண்டும் என்று விளக்கி, எங்கள் எல்லோருடைய வயிற்றெரிச்சலையும் வாங்கிக் கட்டிக்கொள்வாள். நான் தட்டுவதற்கு முன்னமே ‘ம், ம்’ என்று இரண்டுதரம் சொல்வாள். “ஒண்டு எனக்கு, மற்றது என்ர காலுக்கு. அதுவும் எழும்பவேணுமெல்லோ” என்பாள். அவளுக்கு மலேரியாக் காய்ச்சல் வந்தது. மருந்துப் பை வைத்திருந்தவள் வரிசையின் முன்பக்கம் இருந்தாள். ஒவ்வொரு தரிப்பிலும் பின்னால் வந்து குளிசை கொடுத்துவிட்டுப் போவாள்.

அன்று காலையிலிருந்து மழை விடவில்லை. இருள் விழுகிற மைமல் பொழுதில் வரிசை நின்றது. கொஞ்சம் முன்புதான் முன்னால் போனவளின் நடை குறுகியதைப் பார்த்து அவளிடமிருந்து ரவைப்பெட்டியை வாங்கியிருந்தேன். நின்ற இடத்தில் குந்தினேன். பெட்டியைப் பக்கத்தில் நிமிர்த்தி வைத்து, அது நனையக்கூடாது என்று மழைக்கு வைத்திருந்த என் படங்குத் துண்டை அதற்கும் எனக்குமாகச் சேர்த்துப் போர்த்தினேன். காய்ச்சல்காரி பின்னால் வந்து என் முதுகில் சாய்ந்தாள். அவளுடைய உடம்பு அடுப்புப்போலச் சுட்டது. அந்தக் குளிரில் அது எனக்குச் சுகமாக இருந்தது. இதைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது. அந்தச் சூட்டில்தான் நான் நித்திரையானேன்.

கண் விழித்தபோது விடிந்திருந்தது. முன்னால் யாரும் இல்லை. அடிச்சுவடெல்லாம் தண்ணீர் நிரம்பி ஒன்றோடொன்று கலந்துபோயிருந்தது. கத்திக் கூப்பிட முடியாது, யாருக்குக் கேட்கும் என்று தெரியாது. பெட்டியைப் பற்றைக்குள் வைத்து இலை போட்டு மூடினேன். காய்ச்சல்காரியின் கையை என் கழுத்தில் போட்டுக்கொண்டு, வரிசை போயிருக்கும் என்று நினைத்த பக்கம் நடந்தேன். அவள் சாப்பாட்டைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

மத்தியானம் போல, “கொஞ்சம் இருப்பம்” என்றாள். ஒரு பாலை மரத்தின் கீழே இருந்தோம். அவளை நித்திரையாக விடக்கூடாது என்று தோளில் தட்டிக்கொண்டே இருந்தேன். தட்ட, ‘ம்’ என்றாள். தட்ட, ‘ம்’ என்றாள். பிறகு தட்டினேன், சொல்லவில்லை.

பின்னேரம் எங்களுடைய வேறொரு அணி என்னைக் கண்டுபிடித்தது. அவளைப் புதைத்துவிட்டு என்னை அவர்களோடு கூட்டிக்கொண்டு போனார்கள். அதன்பிறகு வேறு காடு, வேறு வரிசை, வேறு குதிக்கால். முன்னால் போனவளை நான் காணவில்லை. உயிரோடு இருக்கிறாளோ என்றும் தெரியவில்லை. ஆனால் அவள்மேல் எனக்கு இருந்த கோபத்துக்கு அளவில்லை. பாவி, என்னைத் தட்டாமல் போய்விட்டாள் என்று வருடக்கணக்காக மனதுக்குள் திட்டினேன். போர் முடிந்து, முகாம் முடிந்து, கடல் தாண்டி, இந்த நாட்டில் அகதி வழக்குப் பேசி, பிள்ளை பெற்று, எல்லா வேலைக்கு நடுவிலும் அந்தத் திட்டை மட்டும் நான் விடவில்லை.

இப்போது மொன்றியலில், செயின்ட்-மிஷேலில் இருக்கிறேன். டோர்வல் விமான நிலையத்தில் விமானம் கழுவுகிற வேலை. கழுவுவது என்றால் உள்ளே. பயணிகள் இறங்கியதும் நாங்கள் ஒருவர் பின் ஒருவராக அந்த ஒடுங்கிய நடைபாதையில் ஏறுவோம். ஒருத்தி குப்பை எடுப்பாள், ஒருத்தி இருக்கைப் பட்டிகளைக் குறுக்காக வைப்பாள், நான் முன் பைகளைத் துழாவுவேன். அடுத்த பயணிகள் கதவில் நிற்பார்கள். இங்கேயும் வரிசைதான், இங்கேயும் முதுகுதான். ஒரு வித்தியாசம், இங்கே சம்பளம் தருகிறார்கள்.

விடிய முதல் மெத்ரோ பிடித்து, பிறகு விமான நிலைய பஸ். பஸ் முழுக்க எங்களைப்போன்றவர்கள்: துப்புரவு, பெட்டி ஏற்றுகிறவர்கள், சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிறவர்கள். எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு தூங்குவார்கள். கடைசித் தரிப்பு வந்ததும் நான் பின்னால் இருப்பவரின் தோளில் தட்டாமல் இறங்கமாட்டேன். தெரியாத ஆள் என்றாலும் தட்டுவேன். தட்டிவிட்டு அவர் ஏதாவது சத்தம் கொடுக்கும்வரை நிற்பேன். சிலர் முறைப்பார்கள். என்னோடு வேலை செய்யும் ஹெய்ட்டிப் பெண் ஒருத்தி எனக்கு அலாரம் மணிக்கூடு என்று பட்டமே வைத்துவிட்டாள். தட்டினதும் கண்ணைத் திறக்காமல், “மெர்ஸி, அலாரம்” என்பாள். அதையும் ஒரு ‘ம்’ என்று எடுத்துக்கொண்டு நான் இறங்குவேன்.

பனிக்காலத்தில் இன்னொரு கூத்து. நடைபாதையில் பனி வழிக்காமல் கிடந்தால், எனக்கு முன்னால் போன ஆளின் சுவட்டில்தான் என் கால் போகும். நான் நினைத்துச் செய்வதில்லை. மகளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும். “அம்மா, ஏன் அவையின்ர காலடியில கால் வைக்கிறீங்கள்? ஆக்கள் பாக்கினம்” என்பாள். அவளுக்குப் பிரெஞ்சுதான் வாய்க்கு வரும். என்னைத் திட்டுவதற்கென்று கொஞ்சம் தமிழ் வைத்திருக்கிறாள். சப்பாத்துக்குள் பனி போகாமல் இருக்கத்தான் என்று சொல்லிச் சமாளித்துவிடுவேன்.

போன பனிக்காலத்தில் மகளுக்குப் பனிச்சப்பாத்து வாங்க ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற புரோசார்டுக்குப் போனோம். ரயிலால் இறங்கிக் கடைத்தொகுதிக்கு நடக்கிற வழியில் அன்று விழுந்த பனி முழங்கால்வரை கிடந்தது. முன்னால் ஒரு பெண் தொப்பி போட்ட தடித்த கோட்டோடு போனாள். வழக்கம்போல் அவளுடைய சுவட்டில் என் கால் போனது. கொஞ்சத் தூரம் போனதும் ஏதோ செய்தது. சுவடுகள் எல்லாம் ஒரேமாதிரி. வலது குதி வெளியே திரும்பி விழுந்திருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். வலது தோள் ஒரு சொட்டுப் பதிந்த நடை.

அந்தக் காலத்துப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். முன்னால் போனவள் நின்றாள். திரும்பவில்லை. நின்ற நிலையிலேயே, “ஆர் பின்னுக்கு?” என்றாள்.

நானே எட்டிப்போய் முன்னால் நின்றேன். வருடக்கணக்காகத் திட்டின ஒருத்தியைக் கண்டால் என்ன செய்வேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். கட்டிப்பிடித்து அழுவேன் என்று மட்டும் யோசித்ததில்லை. மகள் சப்பாத்து வாங்காமல் பனிக்குள் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுடைய வீடு புரோசார்டில்தான். புருஷன் வீடு திருத்துகிற தொழில் செய்கிறார், வசதியான இருப்பு. அன்று கோப்பிக் கடையில் இருந்து ஊர் உலகமெல்லாம் கதைத்தோம். அந்த மைமல் பொழுதைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. காய்ச்சல்காரி செத்தது அவளுக்குத் தெரியும், அப்போதே கேள்விப்பட்டிருந்தாள். பிறகு வாரத்துக்கு ஒருமுறை போன் எடுப்பாள். இடியப்பத்துக்கு எந்த மா நல்லது, ரீச்சர் பிள்ளையைப் பற்றி என்ன சொன்னார், இதுதான் கதை. நடுவில் திடீரென்று சத்தம் நின்றுபோகும். மூச்சு மட்டும் கேட்கும். “சரி, பேந்து கதைப்பம்” என்று வைத்துவிடுவாள். அவள் எதையோ தூக்கிக்கொண்டு நிற்கிறாள் என்று எனக்கு விளங்கியது. என்ன என்றும் விளங்கியது. நான் கேட்கவில்லை. தூக்கட்டும் என்றுதான் இருந்தேன், பொய் சொல்லக்கூடாது.

பிறகு ஒருநாள் அவளுடைய புருஷன் எனக்குப் போன் எடுத்தார். அமைதியான மனிதர். “தங்கச்சி, நீங்கள் ஒருக்கா இவளோட கதைக்க ஏலுமோ?” என்று தொடங்கினார். கர்ப்பப்பையில் கட்டி. வெட்டி எடுக்க வேண்டும், சுணங்கக்கூடாது, சுணங்கினால் பிறகு எங்கள் கையில் இல்லை என்று டாக்குத்தர் சொல்லிவிட்டார். இவள் நாள் குறிப்பதும், நாள் வர மாட்டேன் என்பதுமாக இருக்கிறாள். “வெட்டுறதுக்குப் பயமில்லையாம். மயக்குறதுக்குத்தான் பயமாம். நித்திரையாக்கினா எழும்பமாட்டன் எண்டு நிக்கிறாள். ஏனெண்டு கேட்டா, என்னை ஆர் தட்டுறது எண்டு கேக்கிறாள். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை.” எனக்கு விளங்கியது. அதை அவருக்கு எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

வீட்டுக்கு வரச்சொன்னேன். அடுத்த ஞாயிறு வந்தாள். கையில் ஒரு எவர்சில்வர் பாத்திரம், உள்ளே மரவள்ளிக்கிழங்கும் சம்பலும். என் புருஷனும் மகளும் வெளியே போயிருந்தார்கள். இரு என்றேன், இருக்கவில்லை. குசினியிலிருந்து ஜன்னலுக்கும் ஜன்னலிலிருந்து குசினிக்கும் நடந்தாள். நான் மேசையில் இருந்து அவளுடைய காலைப் பார்த்தேன். பார்க்கக்கூடாது என்றாலும் என் கண் அங்கேதான் போகும். நடை குறுகிப்போயிருந்தது. பனியில் நான் பார்த்த சுவடு இந்த அளவு குறுகி இருக்கவில்லை.

“உன்னை ஒண்டு கேக்கவேணும்” என்றாள்.

“கேள்.”

“அண்டைக்கு நான் தட்டினனான். அது என்ர கைக்குத் தெரியும். ஈரப் படங்கு, உள்ளுக்குக் கெட்டியா ஏதோ பட்டது. அது உன்ர தோளோ, பெட்டியோ, அதுதான் தெரியேல்லை. மைமல். படங்குக்குள்ள ரெண்டும் ஒரேமாதிரிக் கிடந்தது. நீ ‘ம்’ எண்டனியோ எண்டும் தெரியேல்லை. மழை இரைஞ்சது. எனக்கும் நித்திரை. கேட்டமாதிரி இருந்தது, போட்டன்.” ஜன்னலில் நின்றாள். “அடுத்த தரிப்பில திரும்பினா நீங்கள் இல்லை. ரெண்டு பேரைத் திருப்பி அனுப்பினவை. மழையில பாதை பிடிபடேல்லை. எல்லாருக்கும் நான் தட்டினனான் எண்டுதான் சொன்னனான். ஒவ்வொரு நாளும் அந்தப் படங்கு கையில பட்டுக்கொண்டுதான் இருக்கு. பெட்டியைத் தட்டிப்போட்டு அந்தப் பிள்ளையைச் சாகவிட்டனானோ? எனக்குச் சொல்லு. அது நீயோ?”

இதை நான் எதிர்பார்க்கவில்லை. தட்டாமலே போனாள் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். பெட்டியைத் தட்டியிருக்கலாம் என்பது என் மண்டையில் ஒருநாளும் ஏறவில்லை. பெட்டியைப் பக்கத்தில் வைத்ததும், படங்கைச் சேர்த்துப் போர்த்தினதும் நான்தான். யோசித்துப் பார்த்தால் என் தோளைத் தட்டியும் இருக்கலாம். நித்திரைக்குள் நான் ‘ம்’ என்று சொல்லியும் இருக்கலாம். சொல்லிவிட்டுத் திரும்பச் சாய்ந்தும் இருக்கலாம். நித்திரையாகக் கிடந்தவளுக்கு என்ன தெரியும்? தெரியாது என்பதுதான் உண்மை. அந்த உண்மையைச் சொன்னால் அவள் அதையும் பெட்டியோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு, கட்டியையும் தூக்கிக்கொண்டு, புரோசார்டுக்குத் திரும்பிப் போவாள்.

அவள் திரும்பவும் ஜன்னலிலிருந்து குசினிக்கு நடந்தாள். அடிக்கு அடி குறைந்துகொண்டு வந்தது. எனக்குச் சரியான களைப்பு. விடிய எழும்பி நடந்த களைப்பு, காட்டில் நடந்த களைப்பு, இவளைத் திட்டித் திட்டி வந்த களைப்பு, எல்லாம் ஒன்றாக வந்து இறங்கியது. வரிசையில் யாரும் கேட்பதில்லை. பின்னால் இருக்கிறவள்தான் பார்த்து வாங்க வேண்டும்.

“அது நான்தான்” என்றேன். “என்ர தோள். நீ தட்டினனி.”

அவள் நின்றாள்.

“நான் ‘ம்’ எண்டு சொன்னனான். சொல்லிப்போட்டுத் திரும்ப நித்திரையாப் போனன். காய்ச்சல்காரி முதுகில கிடந்தவள். சூடா இருந்தது. அதில நித்திரையாப் போனன்.”

“சொன்னனியோ?”

“ஓம்.”

“வடிவாத் தெரியுமோ?”

“வடிவாத் தெரியும்.”

கதிரையை இழுத்து இருந்தாள். மேசையில் இரண்டு கையையும் விரித்து வைத்து, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு அழுதாள். நான் தேத்தண்ணீர் வைக்க எழுந்தேன். கேத்தில் கொதிக்கிற சத்தத்துக்கு மேலால் அவளுடைய அழுகை கேட்டது, பிறகு கேட்கவில்லை. நன்றாக அழுது முடித்துவிட்டாள், இனிச் சாப்பிடுவோம் என்று திரும்பினேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். இவ்வளவு காலமும் நான் அவளை மனதுக்குள் பார்த்த பார்வை அது.

“அப்ப நீ ஏனடி எழும்பேல்லை?” என்றாள். “‘ம்’ எண்டு சொல்லிப்போட்டு ஏன் எழும்பேல்லை? அந்தப் பிள்ளை உன்ர முதுகிலயெல்லோ கிடந்தவள். மருந்துக்காரி முன்னுக்குப் போட்டாள் எண்டு உனக்குத் தெரியாதோ? இவ்வளவு காலமும் நான் செத்துச் செத்துப் பிழைக்கிறன்...”

நான் எதைச் சொன்னாலும் அது இன்னொரு பொய்யாகத்தான் இருந்திருக்கும். அவள் எழுந்து கோட்டைப் போட்டாள். சப்பாத்தின் சிப் இழுபடவில்லை, உதறி உதறி இழுத்தாள். தேத்தண்ணீர் குடிக்கவில்லை. பாத்திரத்தையும் விட்டுவிட்டுப் போனாள். ஜன்னலால் பார்த்தேன். பஸ் தரிப்பை நோக்கி எட்டி எட்டி நடந்தாள். வலது தோள் கூட நிமிர்ந்திருந்தது. ஒருமுறையும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. இவ்வளவுக்கும் ஒரு வாய் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போயிருக்கலாம்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு கோளாறு. விமான நிலைய பஸ்ஸில் கண்ணை மூடினால் இடது தோளில் ஒரு கை வந்து படுகிறது. ஈரப் படங்குக்கு மேலாலே, பதமாக, இரண்டு தட்டு. நான் ‘ம்’ என்று சொல்வதும் கேட்கிறது. முன்பு இப்படி ஒரு ஞாபகம் எனக்கு இருந்ததே இல்லை. அது உண்மையில் நடந்து இப்போதுதான் மேலே வருகிறதோ, நான் வாயால் சொன்னதால் வந்ததோ தெரியவில்லை. எதுவென்றாலும் இனி அது என்னோடுதான் வரும். யாரிடம் கொடுப்பது? எனக்குப் பின்னால் நடந்தவள் பாலை மரத்தடியில் கிடக்கிறாள்.

அவளிடமிருந்து போன் இல்லை. புருஷன்தான் எடுத்தார். ஒப்பரேசனுக்குப் போய்விட்டாளாம். இந்தமுறை ஒரு மறுப்பும் சொல்லவில்லையாம். மயக்கம் தெளிந்து ஒருக்கா எழும்பினவள், ஒன்றும் பிரச்சினை இல்லை, இப்போது மருந்துக்குத் தூங்கிக்கொண்டு இருக்கிறாள் என்றார். “என்ன சொன்னனீங்களோ தெரியாது தங்கச்சி, கோடி புண்ணியம்” என்றார். எந்த ஆஸ்பத்திரி என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

மறுநாள் வேலை முடிந்ததும் அவளுடைய பாத்திரத்தில் கொஞ்சம் சூப் காய்ச்சி ஊற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கக்கூடாது. பின்னேர வெளிச்சம் கட்டிலில் விழுந்திருந்தது. புருஷன் கோப்பி வாங்கக் கீழே போயிருந்தார். அவள் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தாள், எங்கள் பஸ்ஸில் வருகிறவர்களைப்போல. அவளுடைய முகத்தை இவ்வளவு நேரம் நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

தாதி வந்தாள். “பொன்ஜூர்” என்று சிரித்துவிட்டு, இவரை எழுப்ப வேண்டும், நடக்க வைக்க வேண்டும், நடந்தால்தான் சுகம் வரும் என்றாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அந்தப் பெயரை நான் அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டேன். அவள் அசையவில்லை. நான் எழுப்புகிறேன் என்றேன்.

தோளில் தட்டினேன். கை எடுக்காமல் நின்றேன். தாதி என்னையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தாள். பாலை மரத்தடியில் தட்டிவிட்டுக் காத்திருந்ததுபோல்தான் நின்றேன்.

“ம்” என்றாள், கண்ணைத் திறக்காமல்.

நான் இன்னும் கொஞ்சம் நின்றேன். கண்ணைத் திறந்தாள். என்னைக் கண்டதும் முகத்தை மற்றப் பக்கம் திருப்பினாள். பிறகு தாதியின் கையைப் பிடித்து மெல்ல எழுந்து காலை நிலத்தில் வைத்தாள். நான் பாத்திரத்தைக் கட்டிலடியில் வைத்துவிட்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.